அத்தியாயம் 7: சம்பளத்திலிருந்து சம்பளம் வரை

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கைவிடாமல் வைத்திருந்த கணக்குக் கருவி ஒன்று உண்டு. உள்ளங்கையில் அடங்கும் குறிப்பேடு. அட்டையில் 555 என்று பெரிதாக அச்சிட்டிருக்கும். மலாய்க்காரர்கள் அதை 'பூக்கு தீகா லீமா' என்பார்கள். நம் வீடுகளில் அது கடைப் புத்தகம். வரவு செலவுச் செயலி உருவாக்கப் புறப்பட்டவர் முதலில் படிக்க வேண்டியது அதைத்தான். வெளிநாட்டுச் செயலிகளை இறக்கிப் பார்ப்பது பிறகு இருக்கட்டும். சிலியாவிலோ பகாவிலோ பழைய மளிகைக் கடை ஒன்றுக்குப் போங்கள். இழுப்பறையில் கிடக்கும் பழைய 555 புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் புரட்டுங்கள்.

ஒரு பக்கம் இப்படி இருக்கும். இடது ஓரத்தில் தேதி. நடுவில் 'அரிசி 5, சார்டின் 2, சவுக்காரம்'. வலது ஓரத்தில் 31.40. அதற்குக் கீழே இன்னொரு தேதி, இன்னொரு தொகை. பக்கம் முடியும் இடத்தில் கூட்டுத்தொகை. சம்பளம் வந்து கடனை அடைத்ததும் எல்லாவற்றுக்கும் குறுக்கே சாய்வாக ஒரு கோடு. செலவு வகை கிடையாது, வட்டப் படம் கிடையாது, போன மாதத்தோடு ஒப்பீடு கிடையாது. சாமான் வாங்கியவர் பேனாவைத் தொடவே மாட்டார். "அண்ணே, எழுதிக்குங்க" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். எழுதுவது கடைக்காரர் வேலை.

இந்தப் புத்தகம் ஏன் நிலைத்தது? செலவு நடக்கும் இடத்திலேயே பதிவும் நடந்தது. பதிவு செய்யும் உழைப்பு செலவழித்தவர் தலையில் விழவில்லை. அது ஒரே கேள்விக்குத்தான் பதில் சொன்னது: இன்றைக்கு எவ்வளவு பாக்கி? மாதத்துக்கு ஒருமுறை கணக்கு முடிந்தது. முடிந்ததும் புதுப் பக்கம். போன மாதம் எவ்வளவு மோசமாகப் போனாலும் புதுப் பக்கம் வெள்ளையாகவே இருந்தது. கைப்பேசியில் நாம் உருவாக்கும் பெரும்பாலான செயலிகளில் இந்த நான்கில் ஒன்றுகூட இல்லை.

கடைப் புத்தகத்துக்குக் குறையும் உண்டு. அதற்கு ஒரே கடைதான் தெரியும். கடனுக்கு வாங்குபவர் விலை பேச முடியாது. பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது, தீபாவளி வரப் போகிறது என்று அது எச்சரிக்காது. செயலிக்கு வேலை இருப்பது இந்தக் குறைகளில்தான். நான்கு பலங்களையும் காப்பாற்றிக்கொண்டு இந்தக் குறைகளைத் தீர்த்தால் மக்கள் விடமாட்டார்கள். பலங்களை இழந்துவிட்டு வண்ணப் படம் காட்டினால் இரண்டாவது சம்பளத்துக்குள் செயலியை அழித்துவிட்டு அந்த இடத்தில் பிள்ளைக்கு ஒரு விளையாட்டை ஏற்றிக் கொடுப்பார்கள்.

வெளிநாட்டு வழி ஏன் இங்கே ஒட்டாது

அமெரிக்காவில் மின்ட் என்ற செயலி 2007இல் வந்தது. வங்கிக் கணக்கை அதோடு இணைத்துவிட்டால் செலவுகளைத் தானே இழுத்து, தானே வகை பிரித்துக் காட்டும். இன்டுயிட் நிறுவனம் 2009இல் அதை 17 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. 2024 மார்ச்சில் மூடியது. இந்தியாவில் வால்நட் என்ற செயலி வேறு வழி பிடித்தது. வங்கி அனுப்பும் குறுஞ்செய்திகளைப் படித்துக் கணக்கு வைத்தது. அதை 2018இல் கேபிடல் ஃப்ளோட் என்ற கடன் நிறுவனம் வாங்கியது. அதே ஆண்டு கூகுள் நிறுவனம் குறுஞ்செய்திகளைப் படிக்கும் அனுமதியை இறுக்கியது. இன்று அந்த வழியில் போக விரும்புகிறவர் தனியாக அனுமதி கேட்டு நிற்க வேண்டும்.

இரண்டு வழிகளுக்கும் அடிப்படை ஒன்றுதான்: செலவு வங்கி வழியாக நடக்கிறது என்ற எண்ணம். தோட்டத்தில் சம்பளம் வங்கிக்கு வருகிறது, உண்மை. வந்த அன்றோ மறுநாளோ பெரும்பகுதி ரொக்கமாக வெளியே வந்துவிடுகிறது. கடைக் கடன், கூட்டுப் பணம் (பலர் சேர்ந்து கட்டும் சீட்டு), பள்ளி வேன், பாசார் மாலாம் இரவுச் சந்தையில் காய்கறி, கோயில் வரி என்று பிரிகிறது. வங்கியின் பார்வையில் அது '800 வெள்ளி எடுக்கப்பட்டது' என்று ஒரே ஒரு வரி. அந்த ஒரு வரியை எப்படித் துல்லியமாக இழுத்துக் காட்டினாலும் அந்த வீட்டுக்குத் தெரியாதது எதுவும் அதில் இல்லை.

மாதம் எப்போது தொடங்குகிறது

செயலிகள் செய்யும் முதல் தவறு நாள்காட்டியில் இருக்கிறது. முதல் தேதியில் மாதம் தொடங்குகிறது என்று கணினிக்குச் சொல்லிக் கொடுத்துவிடுகிறோம். சம்பளம் வாங்கும் வீட்டில் மாதம் தொடங்குவது சம்பள நாளில்தான். மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம், சம்பளக் காலம் முடிந்த ஏழு நாளுக்குள் சம்பளம் கொடுக்கச் சொல்கிறது. ஆகவே ஒரு தோட்டத்தில் 5ஆம் தேதி, இன்னொன்றில் 7ஆம் தேதி. மகன் செனவாங் தொழிற்சாலையில் வேலை செய்தால் அவனுக்கு முந்தைய மாதம் 28ஆம் தேதியே வந்துவிடலாம். ஓ.டி., அதாவது கூடுதல் நேர வேலை, செய்த காசுக்கும் ஓய்வு நாள் வேலைக் காசுக்கும் அதே சட்டம் இன்னும் நீண்ட கெடு தருகிறது. அடுத்த சம்பளக் காலத்தின் கடைசி நாளுக்குள் கொடுத்தால் போதும். மார்ச்சில் முறிந்த முதுகுக்கு ஏப்ரல் கடைசியில் காசு வரலாம்.

தொகையும் ஒரே மாதிரி இராது. மழை பெய்தால் பால் வெட்டு இல்லை. ஆண்டின் தொடக்க மாதங்களில் ரப்பர் மரம் இலை உதிர்க்கும்போது பால் குறையும். செம்பனையில் குலைக் கணக்கில் கூலி வாங்குபவருக்குக் காய்ப்புக் குறைந்த மாதம் கையைக் கடிக்கும். குறைந்தபட்சச் சம்பளம் 2022 மே முதல் 1,500 வெள்ளியாக இருந்து 2025 பிப்ரவரியில் 1,700 ஆனது. அது தரைதான், அதற்கு மேலே ஏறுவதும் இறங்குவதும் வானத்தையும் மரத்தையும் பொறுத்தது.

ஆகவே செயலியில் 'மாதம்' என்ற சொல்லே வேண்டாம். ஒரு பொத்தான் போதும்: 'சம்பளம் வந்தாச்சு'. அதைத் தொட்டால் பழைய பக்கம் மூடும், புதுப் பக்கம் திறக்கும். தொகையைக் கேளுங்கள், அடுத்த சம்பளம் எப்போது வரும் என்று கேளுங்கள், நிறுத்திக்கொள்ளுங்கள். பாதியில் முன்பணம் வாங்கினால் அதற்கு இன்னொரு பொத்தான். முன்பணத்தை வருமானமாகக் கூட்டி மகிழ்ச்சி காட்டாதீர்கள். அது அடுத்த சம்பளத்தில் கழியும் தொகை, அப்படியே குறித்து வையுங்கள்.

வீட்டில் இரண்டு மூன்று சம்பளம் வரும் என்பதையும் மறக்கக் கூடாது. வெளிக்காட்டு வேலையில் பெரும்பகுதி இன்று இந்தோனேசியர், வங்காளதேசிகள் கையில். தங்கியிருக்கும் தமிழ்க் குடும்பங்களில் அம்மா தோட்டத்தில், மகன் செனவாங்கில், மருமகள் நீலாயில் என்று வருமானம் மூன்று திசையிலிருந்து வருகிறது. செண்டாயான் பக்கம் தோட்டமே வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. தோட்டம் போனாலும் தோட்டத்துச் செலவுப் பழக்கம் தாமான் வீட்டுக்கும் கூடவே வந்திருக்கிறது.

முதல் திரையில் ஒரே எண்

இந்த அத்தியாயத்தில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இந்தப் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1,700 வெள்ளி சம்பளம். ஊழியர் சேம நிதிக்கு 11 விழுக்காடு, அதாவது 187 வெள்ளி பிடிப்பார்கள். சொக்சோவும் வேலையிழப்புக் காப்புறுதியும் சேர்ந்து பத்துப் பன்னிரண்டு வெள்ளி. கையில் ஏறத்தாழ 1,500. அதில் மோட்டார் தவணை 230, மின்சாரம் 60, பள்ளி வேன் 80, கூட்டுப் பணம் 100, டாப் அப் 35, கோயிலுக்கு 20, கடைப் பழைய பாக்கி 310. கூட்டினால் 835. மிச்சம் 665. அடுத்த சம்பளத்துக்கு 30 நாள். அப்படியானால் நாளொன்றுக்கு 22 வெள்ளி.

முதல் திரையில் வர வேண்டியது இந்த 22 மட்டுமே. பெரிய எழுத்தில், வெயிலில் பார்த்தாலும் தெரியும்படி. 'இன்றைக்கு 22 வெள்ளி செலவழிக்கலாம்'. அதன் கீழே சின்னதாக 'சம்பளத்துக்கு 30 நாள்'. அவ்வளவுதான்.

பன்னிரண்டு நாள் போகிறது. 340 வெள்ளி செலவாகிவிட்டது. இருப்பு 325, இன்னும் 18 நாள். எண் 18 ஆக இறங்கும். இறங்கட்டும். சிவப்பு வண்ணம் பூச வேண்டாம், ஆச்சரியக்குறி வேண்டாம், 'அதிகமாகச் செலவழித்துவிட்டீர்கள்' என்ற வாக்கியமும் வேண்டாம். 22 ஏன் 18 ஆனது என்று அந்த வீட்டு அம்மாவுக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்திருக்கும். மோட்டாருக்கு டயர் மாற்றியிருப்பார்கள். அவருக்குத் தேவை நாளைக்கு எவ்வளவு என்ற பதில்தான். திட்டும் செயலியை யாரும் இரண்டாம் தடவை திறப்பதில்லை. காசு கொஞ்சமாக இருக்கும் வீட்டில் திட்டுவதற்கு ஏற்கெனவே ஆட்கள் இருக்கிறார்கள்.

எழுதும் வேலை

கைப்பேசியில் கடைக்காரர் இல்லை. பதிவு செய்யும் பாரம் மறுபடி செலவழித்தவர் மேல் விழுகிறது. ஆகவே அதை முடிந்தவரை மெலிதாக்க வேண்டும். திறந்ததும் எண் பலகை. தொகையைத் தட்டு, சரி என்று தட்டு, முடிந்தது. வகை கேட்காதீர்கள். 'உணவு, போக்குவரத்து, பொழுதுபோக்கு' என்ற பட்டியலை நீட்டினால், பாசார் மாலாமில் கையில் பையோடு நிற்பவர் கைப்பேசியை மூடிவிடுவார். அப்பம் பாலிக் வாங்கினால் அது உணவா பொழுதுபோக்கா? அந்தக் கேள்விக்கு விடை கண்டுபிடித்து அந்த வீட்டுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

வகை வேண்டுமென்றே அடம்பிடித்தால் ஞாயிற்றுக்கிழமை கேளுங்கள், அதுவும் பெரிய தொகைகள் மூன்றை மட்டும். பதில் சொல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

குரல் வழி மிக நல்ல வழி. தோட்டத்துப் பெண்கள் வாட்ஸ்அப்பில் எழுதுவதைவிடப் பேசி அனுப்புவதே அதிகம். 'கடையில முப்பத்தொன்னு நாப்பது' என்று சொன்னால் 31.40 என்று பதிவாக வேண்டும். மலேசியத் தமிழில் எண்கள் மூன்று மொழிகளில் கலந்து வரும். 'தீகா புலு வெள்ளி' என்றும் சொல்வார்கள், 'தெர்ட்டி வெள்ளி' என்றும் சொல்வார்கள். தமிழ்நாட்டுக் குரல்களை மட்டும் கேட்டுப் பழகிய கருவி இங்கே தடுமாறும். ரெம்பாவில் பத்துப் பேர் குரலைக் கேட்டுச் சோதித்துவிட்டுக் குரல் வசதியைச் சேருங்கள். எழுத்தைப் பொறுத்தவரை, முத்து நெடுமாறனின் செல்லினம் செயலி வந்த பிறகு கைப்பேசியில் தமிழ் தட்டுவது எளிதாகிவிட்டது. ஆனாலும் பலர் இன்னும் தமிழை ஆங்கில எழுத்தில்தான் தட்டுகிறார்கள். இரண்டையும் ஏற்றுக்கொள்ளுங்கள். யாரையும் திருத்த வேண்டாம்.

பொத்தானில் போடும் சொற்களை வீட்டில் புழங்கும் பேச்சிலிருந்து எடுங்கள். 'பரிவர்த்தனைகள்' என்று போட்டால் பொத்தானுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். படிப்பவருக்கும் அந்நியமாக இருக்கும். 'செலவு', 'கடன்', 'பாக்கி', 'கையில்' போதும். தொகைக்கு 'வெள்ளி' என்றே போடுங்கள். ரிங்கிட் என்று செய்தித்தாள் எழுதலாம். கடையில் கேட்பது வெள்ளிதான்.

இணையத்தை நம்ப வேண்டாம். தோட்டத்தின் உட்பகுதியில் ஒரு மேட்டில் ஏறினால் லைன் கிடைக்கும், இறங்கினால் போய்விடும். பதிவு முதலில் கைப்பேசிக்குள்ளேயே நிற்க வேண்டும். இணையம் கிடைத்தபோது மெல்ல ஏறிக்கொள்ளட்டும். செயலியின் கனம் குறைவாக இருக்கட்டும். பெரியவர்கள் கையில் இருப்பது பிள்ளைகள் புதுக் கைப்பேசி வாங்கியபோது கொடுத்த பழையது. 'இடம் போதவில்லை' என்று அது சொல்லும் நாளில் முதலில் போவது உங்கள் செயலிதான்.

பணம் எத்தனை இடத்தில் இருக்கிறது

கையில் ரொக்கம், வங்கியில் கொஞ்சம், டச் அண்ட் கோ மின்பணப்பையில் கொஞ்சம் என்று மூன்று இடம் இருப்பது பழைய கதை. இப்போது நான்காவதாக ஒன்று: மைகார்டு. சாரா என்ற அரசாங்க உதவி அடையாள அட்டையிலேயே வருகிறது. 2025 ஆகஸ்டு கடைசியில் 18 வயதுக்கு மேற்பட்ட எல்லா மலேசியருக்கும் ஒருமுறை 100 வெள்ளி அப்படி வந்தது. சாரா காசைக் குறிப்பிட்ட கடைகளில் குறிப்பிட்ட பொருள்களுக்குத்தான் செலவழிக்க முடியும். செப்டம்பர் கடைசியில் வந்த பூடி 95 திட்டத்தில் அதே அட்டையைக் காட்டி லிட்டர் 1.99 வெள்ளிக்குப் பெட்ரோல் ஊற்றலாம்.

இதை எப்படிக் கணக்கில் சேர்ப்பது? 100 வெள்ளியை 665இல் கூட்டிவிட்டால் நாள் தொகை உயர்ந்து காட்டும். ஆனால் அந்தக் காசில் பள்ளி வேனுக்குக் கொடுக்க முடியாது. ஆகவே அதைத் தனியாக வையுங்கள்: 'அட்டையில் 100, அரிசி சமையல் சாமானுக்கு'. கடைக்குப் போகும் நேரம் அது நினைவுக்கு வந்தால் போதும்.

பணத்தை இப்படித் தனித்தனிக் குவியலாகப் பார்ப்பது மனிதர்களின் இயல்பு. பொருளியலாளர் ரிச்சர்ட் தேலர் இதை மனக்கணக்கு என்று விளக்கினார். அவருக்கு 2017இல் நோபல் கிடைத்தது. நம் பாட்டிமார் சாமி படத்துக்குப் பின்னால் ஒன்று, அரிசி டின்னுக்குள் ஒன்று என்று பிரித்து வைத்ததும் அதுதான். வங்காளதேசம், இந்தியா, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளில் 250க்கும் மேற்பட்ட ஏழைக் குடும்பங்களின் பண நடமாட்டத்தை ஆய்வாளர்கள் ஓராண்டு முழுதும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போய்க் கேட்டு எழுதினார்கள். அது 2009இல் புத்தகமாக வந்தது. வருமானம் குறைவாக இருப்பது மட்டும் அந்த வீடுகளின் சிக்கலாக இருக்கவில்லை. அது ஒழுங்கில்லாமல் வந்தது. அதைச் சமாளிக்க ஒரே வீடு பல வகைக் கடன்களையும் சேமிப்புகளையும் ஒரே நேரத்தில் ஓட்டிக்கொண்டிருந்தது. சிக்கனம் தெரியாதவர்களுக்குச் சிக்கனம் கற்பிக்கிறோம் என்று நினைத்துச் செயலி செய்பவர்கள் அதைப் படித்துவிட்டு வரட்டும்.

விட்டுப்போன நாள்கள்

செயலி கைவிடப்படும் நாள் எதுவென்று பாருங்கள். அது செலவு அதிகமான நாளாக இருப்பது குறைவு. சில நாள் எழுதாமல் விட்டபின் திறந்து பார்க்கும் நாளாகத்தான் பெரும்பாலும் இருக்கும். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு ஈப்போ போய்விட்டு வந்திருப்பார். நான்கு நாள் எழுதவில்லை. இப்போது கணக்கு பொய்யாகிவிட்டது. நினைவிலிருந்து நிரப்ப முடியாது. பொய்க் கணக்கு எதற்கு என்று மூடிவிடுவார்.

இதற்கு மருந்து எளிது. எழுதாமல் விட்ட ஒருவர் திரும்பி வந்தால் ஒரே கேள்வி கேளுங்கள்: 'இப்போது மொத்தம் எவ்வளவு இருக்கிறது?' அவர் 210 என்று சொல்கிறார். செயலியின் கணக்கில் 290 இருக்கிறது. வித்தியாசம் 80. அதை 'மற்றவை' என்று தானே குறித்துக்கொண்டு, 210ஐ மிச்ச நாளால் வகுத்துப் புது எண்ணைக் காட்டிவிடுங்கள். பத்து விநாடியில் கணக்கு மறுபடி உண்மையாகிவிடும். எந்தச் செலவையும் எழுதாமல் வாரம் ஒருமுறை இந்தக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்பவருக்கும் செயலி பயன்பட வேண்டும். என் கருத்தில் தினமும் எழுதுபவரைவிட இவர்தான் உங்கள் உண்மையான வாடிக்கையாளர்.

தொடர்ந்து இத்தனை நாள் எழுதினீர்கள் என்று தீப்பொறிப் படம் காட்டும் வேலையை விட்டுவிடுங்கள். மொழி கற்கும் செயலிக்கு அது சரி. இங்கே ஒருநாள் அறுந்ததும் விட்டுவிடச் சொல்லிக் கொடுப்பதே அதுதான்.

பெரிய செலவுகள்

தோட்டத்து வீட்டைக் கடனில் தள்ளுவது தினச் சாப்பாட்டுச் செலவு அன்று. தீபாவளி, பள்ளித் திறப்பு, கோயில் திருவிழா, காதுகுத்து, ரோட் டேக்ஸ். எல்லாமே வரும் என்று தெரிந்தவைதான். தெரிந்தும் சம்பளத்தில் அவற்றுக்கு இடம் இராது. பள்ளித் திறப்பு வேறு அண்மை ஆண்டுகளில் ஜனவரியிலிருந்து மார்ச்சுக்கும் பிப்ரவரிக்கும் நகர்ந்துவிட்டு 2026இல் மறுபடி ஜனவரிக்கு வந்துவிட்டது. நாள்காட்டியை நிரலில் பூட்டிவிடாமல் ஆண்டுதோறும் மாற்றும் வசதி வையுங்கள்.

பொலிவியா, பெரு, பிலிப்பைன்ஸ் நாடுகளில் ஆய்வாளர்கள் வங்கி வாடிக்கையாளர்களுக்குச் சேமிக்கும்படி நினைவூட்டல் அனுப்பிப் பார்த்தார்கள். நினைவூட்டல் பெற்றவர்கள் கூடுதலாகச் சேமித்தார்கள். எதற்காகச் சேமிக்கிறார் என்பதை அவரவருக்கே எடுத்துச் சொன்ன நினைவூட்டல் இன்னும் நன்றாக வேலை செய்தது. 'சேமியுங்கள்' என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். 'சின்னவன் காலணிக்கு 15 வெள்ளி' என்று சொல்லுங்கள். அதையும் சம்பளம் வந்த அன்றே சொல்லுங்கள். இருபதாம் தேதி சொன்னால் எரிச்சல்தான் வரும்.

சிறு தொகையைத் தொடர்ந்து எடுத்து வைக்க நம் மக்களுக்குத் தெரியாது என்று யாராவது சொன்னால் 1960ஐ நினைவூட்டுங்கள். தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டுக்கொண்டிருந்த அந்த நேரத்தில் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தோட்டம் தோட்டமாகப் போனார். பங்கு ஒன்று 100 வெள்ளி; மாதம் 10 வெள்ளியாகக் கட்டலாம். அன்றைய கூலியில் அது சின்னத் தொகை இல்லை. அப்படிச் சேர்ந்த காசில் சங்கம் தோட்டங்களையே வாங்கியது. தொகை உறுதியாக இருந்தது, நோக்கம் கண்ணுக்குத் தெரிந்தது, பக்கத்து வீட்டாரும் கட்டினார்கள்.

கூட்டுப் பணமும் இதே காரணங்களால்தான் ஓடுகிறது. ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை. கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்வதை 1971ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. உங்கள் செயலி கூட்டுக்கு ஆள் சேர்க்கக் கூடாது, பணம் வசூலிக்கக் கூடாது. பயனர் தன் மாதக் கட்டணமாக 100 வெள்ளி என்று குறித்துவைத்தால் அது அவருடைய கணக்கு, அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

யார் கையில் கைப்பேசி

ஒரே கைப்பேசியைக் கணவர், மனைவி, பிள்ளை மூவரும் எடுப்பார்கள். வீட்டுக்காரர் குடிப்பவராக இருந்தால் மனைவி ஒளித்து வைத்த 200 வெள்ளியை அறிவிப்புப் பட்டையில் காட்டிக்கொடுத்த செயலி அவருக்கு எதிரி. அறிவிப்பில் தொகை எதுவும் வரக் கூடாது. திறக்கத் தனிக் கடவு எண் வேண்டும். 'தனியாக வைத்தது' என்ற குவியல் முதல் திரையின் கூட்டலில் தெரியவே கூடாது. சேர்ந்து கணக்குப் பார்க்கும் தம்பதிக்குப் பகிரும் வசதி கொடுக்கலாம். ஆனால் அது பயனரே தேடிப் போய்த் திறக்க வேண்டிய கதவாக இருக்கட்டும்.

வங்கிக் கடவுச்சொல்லை எந்தக் காரணத்துக்கும் கேட்காதீர்கள். மோசடிக்காரர்கள் கேட்பதும் அதைத்தான். ஏமாந்தவர்கள் அழைப்பதற்கென்றே அரசாங்கம் 997 என்ற எண்ணை வைத்திருக்கிறது. உங்கள் உதவிப் பக்கத்தில் அந்த எண்ணைப் போடுங்கள். 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உங்களையும் கட்டும். அதற்கு எளிய வழி, தேவையில்லாத எதையும் வாங்காமல் இருப்பதுதான். அடையாள அட்டை எண் இல்லாமல் இந்தச் செயலி முழுதாக வேலை செய்யும்.

யார் காசில் நடக்கும்

மின்ட் இலவசமாக இருந்தது. கடன் அட்டைகளையும் கடன்களையும் பயனருக்குப் பரிந்துரைத்து அது சம்பாதித்தது. உங்களிடமும் கேட்பார்கள். பயனர் கையில் 40 வெள்ளி இருக்கிறது, சம்பளத்துக்கு ஒன்பது நாள் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். அந்த நொடியில் ஒரு கடன் விளம்பரம் காட்டினால் நல்ல காசு. இப்போது வாங்கிப் பிறகு கட்டும் திட்டங்கள் இளைஞர் கைப்பேசியில் நிறைந்து கிடக்கின்றன. அவற்றையும் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவர நாடாளுமன்றம் 2025இல் நுகர்வோர் கடன் சட்டத்தை நிறைவேற்றியது. சட்டம் விட்டாலும் நீங்கள் விடாதீர்கள். கடன் விற்கும் வரவு செலவுச் செயலி, வட்டிக் கடையின் முன்வாசல். மாதம் இரண்டு வெள்ளி கேளுங்கள், கூட்டுறவுச் சங்கத்திடமோ தொழிற்சங்கத்திடமோ ஆதரவு கேளுங்கள், முடியாவிட்டால் சின்னதாக வைத்து நடத்துங்கள்.

எதை அளப்பது

எத்தனை பேர் இறக்கினார்கள் என்ற எண்ணை அறிக்கையில் போடலாம். வேறு எதற்கும் அது உதவாது. தினம் எத்தனை பேர் திறக்கிறார்கள் என்பதும் இங்கே பொருந்தாது. வாரம் ஒருமுறை திறப்பவரே போதும் என்று மேலே சொல்லிவிட்டோம். அளக்க வேண்டியது ஒன்று: 'சம்பளம் வந்தாச்சு' பொத்தானை மூன்றாவது முறை எத்தனை பேர் தொட்டார்கள்? முதல் முறை ஆசையில் தொடுவார்கள். இரண்டாவது முறை நினைவில் தொடுவார்கள். மூன்றாவது முறை தொட்டவருக்கு அது பயன்பட்டிருக்கிறது.

சோதனையை நூறு பேரோடு தொடங்க வேண்டாம். ஒரு லயத்தில் ஐந்து வீடு, ஒரு தாமானில் ஐந்து வீடு. ஐந்தில் இரண்டு பேராவது ஐம்பது வயதைத் தாண்டிய பெண்களாக இருக்கட்டும். வீட்டுக் கணக்கு அவர்களிடம்தான் இருக்கிறது; செயலி செய்பவர்கள் பேசிப் பார்ப்பதோ அவர்களுடைய மகன்களிடம். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்காதீர்கள். கைப்பேசியைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு பாருங்கள். எங்கே விரல் தயங்குகிறதோ அங்கே உங்கள் வேலை முடியவில்லை.

அடுத்த அத்தியாயம் நிரல் எழுதுவது பற்றியது. அதற்குள் போகும் முன் ஒரு சம்பள நாளில் சாயங்காலம் தோட்டத்துக் கடையில் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். யார் யாருக்கு முதலில் காசு கொடுக்கிறார்கள், எதைத் தள்ளிப்போடுகிறார்கள், எதைக் கேட்காமலே எடுத்து வைக்கிறார்கள் என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் செயலியின் திரைகளை அந்தத் தாளின் வரிசையில் அடுக்குங்கள்.